சேலத்து ஆடி: சுட்ட தேங்காயும் அம்மன் கூழும்

மாயவரத்தில் எங்களுக்கெல்லாம் ஆடி என்றால் பதினெட்டாம் நாள்தான் கணக்கு. முதல் தேதி வருவதும் போவதும், புது மாப்பிள்ளையை விருந்துக்கு அழைத்த வீட்டாருக்குத்தான் தெரியும். சேலத்தில் அப்படி இல்லை. ஆனி முடிவதற்குள்ளேயே ஆடி முதல் நாள் தேங்காய் சுடுவதற்காகக் கடைத்தெருவில் அழிஞ்சிக் குச்சி கட்டுக்கட்டாக வந்து இறங்கிவிடுகிறது. பட்டை சீவி, ஒரு முனையைக் கூராக்கி, மஞ்சள் தடவி நிறுத்தியிருப்பார்கள். அக்காவைச் சேலத்தில் குகை என்கிற பேட்டையில் கட்டிக்கொடுத்து எவ்வளவோ காலமாகிறது. ஆனாலும் ஆடி முழுக்க அங்கே தங்கி ஒவ்வொரு கோயிலாகப் போய்வர இப்போதுதான் வாய்த்தது.

தேங்காய் சுடும் வழக்கம் சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கத்தில் உண்டு. கேள்விப்பட்டபோது, நெருப்பில் ஒரு தேங்காயைக் காட்டி எடுப்பார்களாக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அது பாதி நாள் வேலை. முதலில் நார் ஒரு இழைகூட இல்லாமல் உரித்து, ஓட்டைச் சொரசொரப்பான தரையில் வைத்து மழமழவென்று ஆகும்வரை தேய்க்க வேண்டும். நார் மிச்சமிருந்தால் அது முதலில் பற்றிக்கொண்டு ஓட்டைக் கருக்கிவிடும். அப்புறம் மூன்று கண்ணில் மெத்தென்று இருக்கும் ஒன்றைத் திறந்து, தண்ணீரை ஒரு டம்ளரில் வடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே போவது பச்சரிசி, வறுத்த பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள், கொஞ்சம் அவல், பொடித்த வெல்லம், ஏலக்காய். அந்தச் சின்ன ஓட்டைக்குள் இத்தனையையும் விரலால் தள்ளித் தள்ளித்தான் போட முடியும். நான் ஆர்வத்தில் நிரப்பிக்கொண்டே போக, அக்காவின் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார். அவரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"முக்காலுக்கு மேல போடாத கண்ணு. அரிசி ஊறிப் பெருத்துச்சுன்னா ஓடு வெடிச்சிரும்."

வடித்து வைத்த இளநீரில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே ஊற்றி, அழிஞ்சிக் குச்சியின் கூர் முனையை அந்தக் கண்ணிலேயே சொருகி அடைத்துவிட்டார். தேங்காய் முழுக்க மஞ்சள் பூச்சு, குங்குமப் பொட்டு. சாயங்காலம் தெருவில் ஆளுக்கொரு குச்சியோடு கூடிவிட்டார்கள். நடுவில் காய்ந்த தென்னை ஓலையும் விறகும் போட்டு மூட்டிய நெருப்பு. சுற்றி நின்று குச்சியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே பக்கம் காட்டினால் அந்தப் பக்கம் கரி, மறுபக்கம் பச்சை. பையன்களுக்கு இதில் யார் தேங்காய் முதலில் வெடிக்கும் என்று போட்டி. அக்கா மகன் என்னிடம், "சித்தி, குச்சியைத் தாழப் புடிங்க, கை சுடும்" என்று பாடம் நடத்தினான். மஞ்சள் கருகி, ஓடு கன்னங்கரேலென்று ஆகி, ஓரிடத்தில் பட்டென்று விரியும்போது வெல்லப்பாகு வாசனை புகையோடு கலந்து வரும். அதுதான் பதம்.

சுட்ட தேங்காய் குச்சியோடு தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறது. அவர் முன்னால் வைத்துக் கும்பிட்டு, உடைத்து, அங்கேயே எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். அரிசி குழையாமல் பல்லில் கொஞ்சம் நிற்கிறது. தேங்காயின் உள்பக்கம் வெல்லத்தைக் குடித்துப் பழுப்பேறி, ஓட்டை ஒட்டிய பக்கம் புகை ஏறி இருக்கிறது. அந்த ஓரத்துத் துண்டுக்குத்தான் அடிதடி.

ஏன் சுடுகிறார்கள் என்று கேட்டால் பாரதக் கதையைச் சொல்கிறார்கள். ஆடி முதல் நாள் தொடங்கிய குருக்ஷேத்திரப் போர் பதினெட்டாம் நாள் முடிந்ததாம். தர்மம் ஜெயிக்க வேண்டும் என்று முதல் நாளே பிள்ளையாருக்குத் தேங்காய் சுட்டுப் படைத்து வேண்டிக்கொண்டார்களாம். கதை இருக்கட்டும். எனக்கு உள்ளே போன பொருளைப் பார்த்ததுமே வேறொன்று பிடிபட்டது. அரிசி, வெல்லம், எள், பொட்டுக்கடலை, தேங்காய்: இது எங்கள் காப்பரிசியேதான். நாங்கள் பதினெட்டாம் பெருக்கன்று ஊறவைத்துப் பிசைந்து காவிரிக்குப் படைப்பதை இவர்கள் முதல் நாளே ஓட்டுக்குள் வைத்து வேகவைக்கிறார்கள். ஒரே ஆற்றுக்காரர்கள்தானே. சொன்னால் அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "பச்சையாத் திங்கறதும் சுட்டுத் திங்கறதும் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டார்.

அதற்கப்புறம் ஊர் முழுக்க மாரியம்மன்தான். சேலத்தில் பேட்டைக்கு ஒரு மாரியம்மன்; எட்டுப் பேட்டை மாரியம்மன்களுக்கும் தலைமை திருமணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் கோட்டை மாரியம்மன். கோயிலைப் புதிதாகக் கட்டி 2023-ல் குடமுழுக்கு நடத்தியிருக்கிறார்கள். பூச்சாட்டி, கம்பம் நட்டு, சக்தி அழைத்து, பொங்கல், மாவிளக்கு, உருளுதண்டம் என்று திருவிழா பல நாள் போகிறது. உருளுதண்டம் என்பது ஈரத் துணியோடு கோயிலைச் சுற்றி உருண்டு வருவது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே கூடப் போகிறார்கள்.

நான் பார்க்க ஆசைப்பட்டது கூழ் ஊற்றுவதை. அதைப் பார்க்கக் கோயிலுக்கே போக வேண்டியதில்லை, எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு அண்டா. அக்கா தெருவில் வீட்டுக்கு இவ்வளவு என்று கேழ்வரகும் நொய்யும் வாங்கிக்கொண்டார்கள். முதல் நாள் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைக்கிறார்கள். மறுநாள் நொய்யைக் குழைய வேகவிட்டு, அதில் புளித்த மாவை ஊற்றிக் கிளறுகிறார்கள். கிளறுவது ஆண்கள் வேலை. மாவு கட்டி தட்டாமல் அடியோடு திருப்ப நல்ல தோள் வேண்டும். கை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, அது பதம். இரவு முழுக்க ஆறவிட்டு, மூன்றாம் நாள் காலையில் மோரும் உப்பும் விட்டு, சின்ன வெங்காயம் அரிந்து போட்டுக் கரைக்கிறார்கள். அண்டாவின் கழுத்தில் மஞ்சள் துணியும் வேப்பிலையும். முதல் சொம்பு அம்மனுக்கு. இரண்டாவது சொம்பிலிருந்து தெருவுக்கு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரிய கோயில்களில் மடைப்பள்ளியில் ஆகி, சாமிக்குக் காட்டி, பட்டர் கையிலிருந்து நமக்கு வருவதுதான் பிரசாதம். மாரியம்மன் திருவிழாவில் அது தலைகீழ். வீட்டில் ஆகிறது, தெருவில் வேகிறது, கொடுப்பவர் ஒரு நெசவாளி, வாங்குபவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி வந்த டிரைவர். யார் எவர் என்று கேட்பதில்லை. தூக்குவாளி கொண்டுவந்தால் வீட்டிலிருக்கும் எல்லாருக்கும் சேர்த்து ஊற்றிவிடுகிறார்கள். தொட்டுக்கொள்ளக் கீறிய மாங்காயும் மோர் மிளகாயும். ஒரே ஒரு குறை, காகித கப். கூழைச் சொம்பிலோ கிண்ணத்திலோ இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்க வேண்டும். கப்பில் குடித்தால் டீ மாதிரி ஆகிவிடுகிறது.

இதற்கும் ஒரு கதை உண்டு. ஜமதக்னி முனிவர் கொல்லப்பட்டதும் ரேணுகாதேவி தீயில் இறங்கினாள். மழை பெய்து தீ அணைந்தது. உடம்பெல்லாம் கொப்புளத்தோடு வேப்பிலையைக் கட்டிக்கொண்டு வந்து ஊராரிடம் பசிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாள். அவர்கள் பச்சரிசி மாவும் வெல்லமும் இளநீரும் கொடுத்தார்கள். அதனால்தான் கூழும் மாவிளக்கும் என்பார்கள். சாமியே பசித்து வந்து கேட்ட ஊரில் சோறு கொடுக்க யாரும் சங்கடப்படுவதில்லை போலும்.

மாவிளக்கு எடுத்த அன்று கோட்டை மாரியம்மன் வாசலில் நகர இடமில்லை. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்த உருண்டைகள். நடுவில் குழி, குழியில் நெய், நெய்யில் திரி. எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா தட்டை முந்தானையால் காற்றுக்கு மறைத்துக்கொண்டே நகர்ந்தார். தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் திரியை எடுத்துவிட்டு, அது எரிந்த இடத்தைச் சுற்றி நெய் ஊறிப் பொன்னிறமாகியிருந்த மாவைக் கிள்ளி, முன்பின் தெரியாத எனக்குத்தான் முதலில் நீட்டினார். "அந்த எடந்தாங்க நல்லாருக்கும்" என்றார். உண்மை.

குகை மாரியம்மன் கோயிலின் வண்டி வேடிக்கையைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். வண்டிகளில் தேவர்களும் அசுரர்களுமாக வேஷம் கட்டி வருவதைப் பார்க்க நின்ற கூட்டத்தில், எனக்குப் பாதி கவனம் ஓரத்துத் தட்டுவடைக் கடையில். சேலத்துக்குப் போய் தட்டுவடை செட் சாப்பிடாமல் வர முடியாது. ஒரு சின்னத் தட்டுவடை மேல் காரச் சட்னி, பச்சைச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடை. முழுசாக வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிட்டால் புடவை போச்சு.

ஆடி அமாவாசைக்குக் கஞ்சமலை போனோம். இளம்பிள்ளை பக்கம், இரும்புத் தாதுக்குப் பேர்போன மலை. அடிவாரத்தில் சித்தேஸ்வரர் கோயில். இந்த ஊர்த் தலபுராணமே ஒரு சமையல் கதை. மூலிகை தேடி வந்த குருவுக்குச் சீடர் சோறு ஆக்கினார். கிளறக் கரண்டி இல்லை, பக்கத்துச் செடியில் ஒரு குச்சியை ஒடித்துக் கிளறினார், சோறு கறுத்துப்போனது. குரு திட்டுவாரே என்று பயந்து அந்தக் கறுப்புச் சோற்றைத் தானே தின்றுவிட்டு, வேறு சோறு ஆக்கி வைத்தார். குரு வந்து பார்த்தால் கிழச் சீடர் இருந்த இடத்தில் ஒரு வாலிபன்! குருவைத் திருமூலர் என்றும் சீடரைக் காலாங்கி என்றும் சொல்கிறார்கள். இங்கே மரு உதிர வேண்டும் என்று உப்பும் மிளகும் வெல்லமும் வாங்கித் தீர்த்தத்தில் போடுகிறார்கள். அக்கா கழுத்தில் ஒன்று உண்டு. ஒவ்வொரு அமாவாசைக்கும் போடுகிறாள், இன்னும் இருக்கிறது. அதற்காக அவள் விட்டதில்லை.

பதினெட்டாம் பெருக்குக்கு மேட்டூர். ஜூன் 12-ல் அணை திறப்பார்களா என்று பேப்பர் பார்த்தே வளர்ந்தவள் நான். 1934-ல் கட்டி முடித்த அந்த அணையை ஒரு தரம் கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. காவிரியில் முழுகிவிட்டு ஜனங்கள் நேரே அணைக்கட்டு முனியப்பனிடம் போகிறார்கள். மரத்தடிகளில் கிடாயும் கோழியும் வெந்துகொண்டிருந்தன. நான் காப்பரிசியைப் படித்துறையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, சுற்றி நின்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ஒரு சிறுமி வாயில் போட்டுவிட்டு, "இது தேங்காய்க்குள்ள போடறதுதானே?" என்று கேட்டாள். அத்தை பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் காதில் விழாத மாதிரி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குக் கிளம்பும் முன் ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவு. அக்கா ஓர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள். சேர்வராயன் கோயில் 5,326 அடி உயரத்தில், மலை உச்சியில் ஒரு குகைக்குள் இருக்கிறது. தலை குனிந்து போக வேண்டும்; காலடியில் ஈரம், எதிரே விளக்கு வெளிச்சத்தில் சேர்வராயர். பக்கத்தில் யார் என்று பூசாரியைக் கேட்டேன். "காவேரியம்மா" என்றார். மாயவரத்தில் காவிரித் துலாக்கட்டப் படித்துறையில் முழுகி எழுந்தவளுக்கு அதைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. குகை உள்ளே காவிரி வரைக்கும் போகிறது என்று மலைக்காரர்கள் சொல்வார்கள். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து மலையாளிகள் திரண்டு வருவார்களாம். கேரளத்துக்காரர்கள் இல்லை, இந்த மலைக்குடிகளுக்கு அதுதான் பெயர். சாமையும் தினையும் கேழ்வரகும் அவர்கள் விளைவித்துத் தின்ற தானியம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்து வைத்த பிறகு மலையின் முகமே மாறிவிட்டது. கோயில் வாசலில் தேங்காய் விற்ற பெரியவரிடம் இப்போதும் சாமைச் சோறு உண்டா என்று கேட்டேன். "உண்டுங்க. ஆனா எங்க காட்டுது இல்லீங்க, கடையில வாங்கறது" என்றார்.

இறங்கும் வழியில் ஆட்டுக்கால் சூப் என்று பலகை. ஆடி விரதத்தில் கவுச்சி ஆகாதே என்று நான் தள்ளி நின்றேன். அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடைக்காரர் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார்: ஆட்டுக்கால் போலவே பழுப்பு ரோமத்தோடு ஒரு கிழங்கு. பாறையிலும் மரத்திலும் படர்வது, முடவாட்டுக்கால் என்பார்கள். தோலைச் சீவி, இடித்து, மிளகு சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். அந்தக் குளிருக்கு நன்றாகத்தான் இருந்தது. அக்கா மலை மிளகுக்குப் பேரம் பேசி அரைக் கிலோ வாங்கினாள். அத்தை கடைசி மடக்கைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

"இதுல ஒரு கரண்டி புளித்தண்ணி விட்டிருந்தா ரசமா வெச்சிருக்கலாம். போ, வண்டியில ஏறு."