கோடு ஆடிய நாள்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியில், தரம் பார்க்கிற லேபில் வேலை எனக்கு. சீசன் வந்தால், மே கடைசியிலிருந்து ஜூலை முடியும் வரை, ராத்திரி பகல் தெரியாது. கேட்டுக்கு வெளியே பெங்களூரா மாம்பழம் ஏற்றிய டெம்போக்கள் வரிசை கட்டி நிற்கும், உள்ளே பாய்லரும் ஆவியும் கூழ் வாசனையும். குழந்தைக்காக மாத்திரை ஆரம்பித்ததும் அந்தச் சீசனில்தான். வேறு மாதம் பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆன பெண்ணிடம் அதைக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

முதல் மருந்து குளோமிஃபீன். 50 மில்லிகிராம், மாதவிலக்கான இரண்டாம் நாளிலிருந்து ஐந்து நாளைக்கு. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் இருந்தாலும் மூளைக்கு அது தெரியாதபடி இந்த மாத்திரை மறைத்துவிடும், குறைந்துவிட்டதென்று நினைத்து மூளை முட்டையை வளர்க்கிற ஹார்மோனை அதிகமாக அனுப்பும் என்று டாக்டரம்மா விளக்கினார். சரி, மூளையை ஏமாற்றுகிற வேலை. ஏமாந்த மூளை மற்ற விஷயத்திலும் ஈஸ்ட்ரோஜன் இல்லாதது மாதிரியே நடந்துகொள்ளும் என்பது நாலாம் நாள் கூழைச் சூடாக்குகிற பாஸ்டுரைசர் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நெஞ்சிலிருந்து ஒரு அனல் கிளம்பி கழுத்து, காது, உச்சந்தலை வரை ஏறும், ஓரிரு நிமிஷம் நின்று வியர்வையாக இறங்கும். அந்த ஹாலில் எல்லோருக்கும்தான் வேர்க்கிறது, அதனால் யாரும் கவனிக்கவில்லை. பழம் பிரிக்கிற லைனில் இருக்கும் ஒரு பெரியம்மா மட்டும் மத்தியானம் பக்கத்தில் வந்து, "எனக்கு மாசம் நிக்கிறப்போ இப்படித்தான் கண்ணு இருந்துச்சு, உனக்கு இந்த வயசுல என்னா?" என்றார். டாக்டரம்மா வரைந்து காட்டிச் சொன்னதை அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். "மாத்திரை பெரியம்மா" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

மற்றவர்கள் கேட்டார்கள். "விசேஷம் ஏதும் இல்லையா?" என்பதுதான் எங்கள் கேன்டீனில் வணக்கத்துக்குப் பதில். மாம்பழம் சூடு, மாங்காய் கம்பெனி அதைவிடச் சூடு, அதனால்தான் இவளுக்குத் தங்கவில்லை என்று ஒரு தீர்ப்பும் உண்டு. அதே லைனில் நின்று பழம் பிரித்துக்கொண்டே மூன்று பிள்ளை பெற்றவர்கள்தான் இதைச் சொன்னார்கள் என்பது தனிக் கதை.

அனலையாவது தாங்கலாம். கோபம்தான் பெரிய பாடு. லேபில் இருக்கும் பையன் ஒரு லேபிளை மாற்றி ஒட்டிவிட்டான் என்று கத்தினேன், பிறகு டாய்லெட்டில் போய் அழுதேன். வீட்டில் இவர், "நீ பேசல, மாத்திரை பேசுது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அன்று அவருடைய அக்கா எல்லோர் முன்னாலும் என்னிடம் கேட்ட கேள்விக்கு மாத்திரை போடாமலிருந்தாலும் கோபம் வந்திருக்கும். மருந்தின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டால் மற்றவர்கள் சுலபமாகத் தப்பித்துவிடுகிறார்கள். அதனால் ஒரு பழைய சாம்பிள் ரிஜிஸ்டரை எடுத்து, தேதி, மாத்திரை போட்ட நேரம், என்ன ஆனது, எத்தனை மணிக்கு என்று எழுத ஆரம்பித்தேன். லேபில் செய்கிற வேலைதானே.

இரண்டாம் மாதத்திலிருந்து 100 மில்லிகிராம். மூன்றாம் மாதம், ஜூலையில், மாத்திரையின் கடைசி நாளன்று, ஒரு பேட்ச் கூழுக்கு பிரிக்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். கை ரிஃப்ராக்டோமீட்டரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் உள்ளே மேலே நீலம், கீழே வெள்ளை, இரண்டும் சேர்கிற கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் சர்க்கரை அளவு. பெங்களூராவுக்குப் பொதுவாக 14க்கும் 16க்கும் நடுவில் நிற்கும். அன்று நிற்கவில்லை, ஆடியது. ஓரத்தில் மின்னல் மாதிரி ஒரு பளிச், கண்ணை எடுத்து சுவரைப் பார்த்தால் அங்கேயும் அந்தக் கோட்டின் நிழல். கருவிதான் சரியில்லையென்று நினைத்து காய்ச்சி வடித்த நீரை விட்டு பூஜ்யம் பார்த்தேன், அங்கேயும் ஆடியது. அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். "சரியா பூஜ்யத்துல நிக்குதே அக்கா" என்றான்.

கருவியில் கோளாறில்லை, கண்ணில்தான். உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். குளோமிஃபீனில் சிலருக்கு இப்படிப் பார்வை மங்குவதும் பளிச்சிடுவதும் உண்டு, இதற்கு மேல் ஒரு மாத்திரையும் வேண்டாம், ஸ்கூட்டி ஓட்டாதே, நேரில் வா, கண் டாக்டரையும் பார்த்துவிடலாம் என்றார். பஸ்ஸில் தர்மபுரி போனேன். சில நாளில் கண் தெளிந்தது. அந்த மருந்தை எனக்கு மறுபடி எழுதவே இல்லை. ரிஜிஸ்டரைப் புரட்டினால் முந்தின இரண்டு நாளும் "கண் கூசுகிறது, தூக்கம் போதவில்லை" என்று நானே எழுதியிருக்கிறேன். எழுதினால் மட்டும் போதாது, ஒருவரிடம் சொல்லவும் வேண்டும். அதை நான் செய்யவில்லை.

அதற்குப் பிறகு மேனேஜரிடம் சொல்லாமல் முடியவில்லை, என் கண் தவறினால் ஒரு பேட்சே தவறாகப் போய்விடும். ஐம்பது வயது மனிதர், மேஜை டிராயரைத் திறந்து திறந்து மூடினார். "லீவு பாரத்துல என்னம்மா போடறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிள்ளை பெற்றால் 2017 முதல் சட்டப்படி 26 வாரம் விடுப்பு. பிள்ளைக்காக அலைகிற நாளுக்கு எங்கள் பாரத்தில் கட்டமே கிடையாது. "சொந்த வேலை" என்று போட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்டில் லெட்ரோசோல் என்று வேறு மாத்திரை, கூடவே சில நாளுக்கு ஊசி. அனல் குறைந்தது, அசதியும் லேசான தலைசுற்றலும் வந்தன. ஊசி மருந்து 2லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறக்காத சொந்தக்காரர் கிடையாது, அதனால் லேப் ஃபிரிட்ஜில் சாம்பிளுக்குப் பின்னால் ஒரு டிபன் டப்பாவில் வைத்தேன். ஆடிட்டர் பார்த்திருந்தால் என்னைத் தொங்கவிட்டிருப்பார், வேறொருத்தி செய்திருந்தால் நானே எழுதிக் கொடுத்திருப்பேன். வயிறு உப்பி, எடை மளமளவென்று ஏறி, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ ராத்திரியானாலும் வந்துவிட வேண்டும், முட்டைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அடையாளம் அது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் தினமும் காலையில் டிரம் நிறுக்கிற தராசில் ஏறி நின்றேன். தலைவலிக்குப் பாராசிட்டமால் மட்டும், முதலுதவிப் பெட்டியில் இருக்கும் மற்ற வலி மாத்திரைகளைத் தொடக் கூடாது என்பதும் உத்தரவு, சிலது முட்டை வெடிப்பதையே தடுத்துவிடுமாம்.

விந்தணுவை உள்ளே செலுத்திய பிறகு இரண்டு வாரம் புரோஜெஸ்டிரோன் மாத்திரை, கரு தங்க உதவுகிற ஹார்மோன். இதைப் பற்றி யாராவது எனக்கு முன்கூட்டியே உரக்கச் சொல்லியிருக்கலாம். மார்பு கனத்தது, வயிறு உப்பியது, இன்குபேட்டர் பக்கத்தில் நின்றபடியே தூங்கினேன், கூழ் வாசனை குமட்டியது. கர்ப்பத்துக்கு என்னென்ன சொல்வார்களோ அத்தனையும் ஒன்றுவிடாமல் இருந்தது, எல்லாம் மாத்திரை செய்தது. பெரியம்மாகூட என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தது. மறுநாள் அவரிடம் தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு நீலம் பழத்தை, சீசன் முடிந்தும் எங்கிருந்தோ பிடித்து வைத்திருந்தார், நறுக்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன்.

அடுத்த சுற்று ஜனவரியில். இந்த முறை மேனேஜரிடம் இப்போதே சொல்லிவிட்டேன். சரிம்மா என்று காலண்டரில் ஏதோ எழுதினார். அவர் எழுந்து போனதும் எட்டிப் பார்த்தேன். "ஸ்கேன். பிரிக்ஸ் பார்க்க வேறு ஆள்" என்று எழுதியிருந்தது.