மேண்டிலும் மணவாளக்குறிச்சி மணலும்

திங்கள்சந்தையில் ஆணி வாங்கப் போன கடையில், தூசி படிந்த ஒரு பெட்டி நிறைய மேண்டில், பெட்ரோமாக்ஸ் விளக்கில் மாட்டுகிற துணி வலை.

"இதை இன்னும் யாரு வாங்குறா அண்ணாச்சி?"

"கெடக்கட்டும் மக்கா, கரண்டு போனா தெரியும்."

பழைய மேண்டிலை முதல்முறை கொளுத்தும்போது துணி எரிந்தே போய்விடும். மிஞ்சுவது வலை வடிவில் நிற்கும் சாம்பல்; தோரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு. விரல் பட்டால் உதிரும். அத்தனை வெளிச்சமும் அந்தச் சாம்பல் தருவதுதான். எத்தனை கல்யாண வீடு, எத்தனை கோயில் கொடை அந்த வெளிச்சத்தில் நடந்திருக்கும்!

ஒரு காலத்தில் ஐரோப்பாவின் தெருவிளக்குகளும் இப்படித்தான் எரிந்தன. தோரியத்துக்கு அங்கே அவ்வளவு கிராக்கி.

1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்தார். உள்ளே மோனசைட். தோரியம் உள்ள தாது. கயிறு வந்தால் கயிற்றைப் பார்க்காமல் மணலைப் பார்த்திருக்கிறார் மனிதர்!

அப்புறம் என்ன, நம்ம குமரி மாவட்டக் கடற்கரை ஊரான மணவாளக்குறிச்சியின் மணல் கப்பலேறியது. அப்போது குமரி மாவட்டப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956-ல்தான்.

இன்னொன்று. அந்தக் கடற்கரை மணலுக்குக் கருப்பு நிறம் தருவது இல்மனைட் என்ற தாது. அதிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டை ஆக்சைடுதான், சுவருக்கு அடிக்கிற பெயிண்டுக்குப் பளிச்சென்ற வெள்ளையைக் கொடுக்கிறது.