ஒரு வெண்கலக் கிண்ணத்தை மண்ணிலிருந்து எடுத்த கதை

ஐரோப்பாவில் தொல்லியல் முதுகலை படித்துக்கொண்டிருந்த காலத்தில், கிரீஸின் பெலொப்பொனேசுப் பகுதியில் ஒரு பழைய வழிபாட்டுத் தலத்தில் நடந்த அகழாய்வில் 6 வாரங்கள் வேலை பார்த்தேன். எந்தத் தலம் என்று எழுத இயலாது. கிடைத்த பொருள்களை முதலில் வெளியிடும் உரிமை அகழாய்வு இயக்குநருடையது என்பதால், படம் எதையும் வெளியே பகிர மாட்டோம் என்று சேரும்போதே கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தோம். ஆகவே பொருளைப் பற்றிக் கொஞ்சமும், அதை எடுத்த முறையைப் பற்றிச் சற்று விரிவாகவும் சொல்கிறேன்.

அனுமதி விவகாரத்தில் என் பங்கு மிகச் சிறியது. தொல்பொருள்களைப் பற்றிய 2002ஆம் ஆண்டின் 3028ஆம் எண் சட்டத்தின் கீழ், வெளிநாட்டுக் குழுக்கள் ஏதென்ஸிலுள்ள தத்தம் நாட்டுத் தொல்லியல் நிறுவனத்தின் வழியாகப் பண்பாட்டு அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. நான் கடவுச்சீட்டின் நகலை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

போவதற்கு முன் படிக்கச் சொன்னவற்றில் பாதிக்கு மேல் பாத்திரங்களைப் பற்றியவை. கிரேக்கத் தலங்களில் கடவுளுக்கு நேர்ந்து வைத்த பொருள்களில் வெண்கலப் பாத்திரங்களுக்குத் தனி இடம் உண்டு. 1875இல் ஜெர்மானியர் ஒலிம்பியாவில் தோண்டத் தொடங்கியபோது, சாம்பலும் எலும்பும் கலந்த கறுத்த மண்ணடுக்கிலிருந்து முக்காலிக் கொப்பரைகளின் கால்களும் கைப்பிடிகளும் குவியலாக வந்தன. பெரகோராவில் ஹீராவின் தலத்தை 1930களில் அகழ்ந்தபோது, ஒரு குளத்தின் அடியிலிருந்து மட்டும் ஏறத்தாழ 200 வெண்கலக் கிண்ணங்கள் கிடைத்தன. ஃபியாலே எனப்படும் இவை மதுவை வார்த்துப் படைப்பதற்கானவை. பிடியில்லாத தட்டையான கிண்ணத்தின் நடுவே தொப்புளைப் போல ஒரு குமிழ் மேலெழும்பி நிற்கும், அடியிலிருந்து அந்தக் குழிவில் விரலை நுழைத்துப் பிடிப்பார்கள். ஒருமுறை கடவுளுக்குக் கொடுத்ததைத் தலத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதே பொது வழக்கம். அதனால் இடம் நெருக்கடியானபோது பழைய காணிக்கைகளைத் தல எல்லைக்குள்ளேயே குழி வெட்டிப் புதைத்தார்கள். நம் ஊரில் பின்னமான சிலைகளைக் குளத்தில் இடுவதை அறிந்தவனுக்கு இதில் வியப்பொன்றும் தோன்றவில்லை.

எங்கள் குழியிலும் அப்படியொரு புதைப்பு இருந்தது. காலை 6 மணிக்குத் தொடங்கி வெயில் தாங்க முடியாத மதியம்வரை வேலை நடக்கும். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், சாம்பல் நிற மண்ணில் உள்ளங்கை அளவுக்குப் பச்சை படர்ந்திருந்ததைக் கண்டேன். செம்புப் பொருள் அருகில் இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை. கண்டவுடன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் குழிப் பொறுப்பாளரைக் கூப்பிட வேண்டும் என்பதே விதி. நானோ ஆவலில் இன்னும் ஒருமுறை சுரண்டினேன். கரண்டியின் முனை எதிலோ தட்டியது. விளிம்பிலிருந்து நகத்தளவுத் துண்டு ஒன்று பெயர்ந்து வந்தது. பழைய உடைவுகளில் முனைவரை பச்சை ஏறியிருக்கும். நான் உடைத்த இடத்திலோ உலோகம் பளிச்சென்று தெரிந்தது. அதை எவராலும் மறைக்க முடியாது. பொறுப்பாளர் திட்டவில்லை. துண்டைத் தனிப் பையிலிட்டு, நடந்ததை நடந்தபடியே குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அதன்பின் இரும்புக் கருவி எதுவும் அந்தப் பக்கம் வரவில்லை. மூங்கில் குச்சியும் மென்மயிர்த் தூரிகையும் மட்டுமே. சுற்றியுள்ள மண்ணை முழுவதும் எடுத்துச் சல்லடையில் சலித்தோம். ஒவ்வொரு மட்டத்திலும் படமெடுத்து, அளவைக் கருவியால் மூன்று திசை அளவுகளையும் பதிந்தோம். விளிம்பு வட்டமாக வெளிப்பட 4 நாட்கள் ஆயின. அதற்குள் அது கவிழ்த்து வைக்கப்பட்ட ஃபியாலே என்பதும், அடியில் சிறு எலும்புகள் இருப்பதும் தெரிந்துவிட்டன. கிண்ணத்தை மட்டும் அவசரமாகப் பிடுங்கியிருந்தால் கவிழ்த்து வைத்தார்கள் என்ற செய்தியே இல்லாமல் போயிருக்கும். என்னைக் கேட்டால், கிண்ணத்தைவிட அந்தச் செய்திதான் விலை கூடியது.

உலோகம் பெரும்பாலும் அரித்துப்போய்த் தாள் கனத்தில் இருந்ததால் அப்படியே தூக்க முடியாது என்றார், பொருள் பாதுகாப்பாளரான அம்மையார். வெளித் தெரிந்த பரப்பின்மேல் மெல்லிய ஜப்பானியத் தாளை வைத்து, அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 என்ற பிசினைத் தூரிகையால் தடவி ஒட்டினார். அதன்மேல் நெகிழித் தாள், அதற்கும் மேல் எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டு. கட்டு இறுகியபின் கீழே மண்ணைக் குடைந்து, தகடு ஒன்றைச் செருகி, நால்வராக மண்ணோடு சேர்த்துத் தூக்கினோம். எடை என்னவோ ஒரு மூட்டை சிமெண்டைப் போல இருந்தது. உள்ளே இருந்ததோ ஒரு கிண்ணம்.

ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கிடைத்த பாடம் இன்னொன்று. வெண்கலம் என்றாலே புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். செம்பில் களிம்பு என்றால் போக்க வேண்டிய அழுக்கு என்றே நம் சைவ நூல்களும் உவமை சொல்கின்றன. அங்கே களிம்பு இரண்டு வகை. கெட்டியான, வழுவழுப்பான பச்சை, பொருளின் பழைய பரப்பைத் தாங்கி நிற்பது. அதைத் தொடக் கூடாது. வெளிர்பச்சைப் பொடியாக உதிர்வது மற்றொன்று. மண்ணிலுள்ள உப்பின் குளோரைடு உலோகத்துக்குள் புகுந்து, காற்றின் ஈரம் பட்டதும் அமிலத்தை உண்டாக்கி மேலும் மேலும் அரிக்கிறது. வெண்கல நோய் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். அதனால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு காற்றுப் புகாத பெட்டியில் வைத்து, உள்ளிருக்கும் ஈரப்பதத்தை 35 விழுக்காட்டுக்கும் கீழே வைத்திருக்க வேண்டும். துப்புரவு என்பது உருப்பெருக்கியின் கீழ் அறுவைக் கத்தியால் நாளொன்றுக்குச் சில சதுர சென்டிமீட்டர் மட்டும். எலுமிச்சையோ புளியோ பட்டால் கிண்ணத்தின் கதி என்ன என்று கேட்டேன். அம்மையார் சிரித்துவிட்டு, என் கையெட்டாத தூரத்தில் பெட்டியை வைத்தார்.

நான் கிளம்பியபோது மாவுக்கட்டு பிரிக்கப்படவே இல்லை. மறு ஆண்டு போனபோது கிண்ணம் மண் நீங்கி, நடுக்குமிழும் அதைச் சுற்றிய இதழ் வரிசையும் தெரியக் கிடந்தது. நான் பெயர்த்த துண்டையும் உரிய இடத்தில் ஒட்டியிருந்தார்கள். ஒட்டு கண்ணுக்குத் தெரியும்படியே விடப்பட்டிருந்தது. பதிவுச் சீட்டில் குழி எண்ணுக்கும் அளவுகளுக்கும் கீழே ஒரு வரி: விளிம்பில் புதிய உடைவு, அகழும்போது நேர்ந்தது.