ரிசர்வ் சைட்டில் ஓர் அவரைப் பந்தல்

கோவை வடவள்ளிப் பக்கம் எங்கள் லேஅவுட்டின் மூலையில் 11 சென்ட் இடம் பல வருசமாகச் சும்மா கிடந்தது. சீமைக்கருவேல், பார்த்தீனியம், வீடு கட்டியவர்கள் கொட்டிவிட்டுப் போன செங்கல் உடைசல். "ஏனுங்க, நாமளே அங்க காய் போட்டா என்னங்க?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டபோது, நாலு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று நினைத்தேன். எட்டு மாதம் ஆனது.

எல்லாரும் அதை ரிசர்வ் சைட், அதாவது பொதுவுக்கு ஒதுக்கிய இடம், என்றோம். காட்டக் காகிதம் ஒருவரிடமும் இல்லை. மனைப்பிரிவில் பூங்காவுக்கென ஒதுக்கும் இடத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுப்பது வழக்கம். எங்கள் மனைகள் போட்டபோது வடவள்ளி பேரூராட்சி. 2011இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டு, வரைபட நகலும் பத்திர நகலும் வாங்கினோம். 'பூங்கா' என்று எழுதியிருந்த கட்டம் எங்கள் குப்பைமேடேதான். இடம் பொதுவுடையது என்று தெரிந்ததும், பராமரிக்க அனுமதி கேட்டு எழுதினோம். பூட்டுப் போடக் கூடாது, கட்டடம் கூடாது என்ற நிபந்தனையோடு கிடைத்தது. வாய்ப்பேச்சை நம்பி மண்வெட்டியைத் தூக்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

உடைசல் மட்டும் ஆறு டிராக்டர் லோடு. அடியில் நல்ல கரிசல். அதை இளக்க பொள்ளாச்சியிலிருந்து தென்னைநார்க் கழிவு இறக்கினோம். அதில் உப்பு இருக்கும், நாலைந்து தரம் அலசித்தான் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தக்காளி நாற்று ஓரம் கருகி, ஒரே வாரத்தில் படுத்துவிட்டது. நாற்றுக்காரரைத் திட்டியது என் தப்பு.

ஆடிப்பட்டத்தில் மறுபடி விதைத்தோம். முளைத்ததும் மயில் வந்தது. ஒன்றல்ல, ஏழு. கீரைப்பாத்தியில் வரிசையாக நடந்து, குருத்தை மட்டும் பார்த்துப் பார்த்துக் கொத்தின. நான் கல்லை எடுக்க, மூன்றாவது வீட்டு அம்மாயி கையைப் பிடித்துக்கொண்டார். "மருதமலையான் வாகனங் கண்ணு, அடிச்சறாதே." சாமி இருக்கட்டும், வனவிலங்குச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. பழைய மீன்வலை வாங்கிப் பாத்திகளுக்கு மேல் கட்டினோம்.

அவரையை மட்டும் மயில் சீண்டவில்லை. கார்த்திகையில் பந்தல் நிறையக் காய். முதல் பறிப்பு மூன்றேகால் கிலோ. பதினான்கு வீட்டுக்குப் பங்கு போட்டதில் ஆளுக்கு ஒரு பொரியலுக்குக்கூடக் காணவில்லை. அம்மாயி தன் பங்கை வாங்கவில்லை. விதைக்கு விடச் சொல்லிவிட்டார்.