ஆணி நின்றது, தகரம் போனது

சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று செயலாளர் மூன்று தரம் கேட்டுவிட்டார். சங்க ஒன்றுகூடல்களில் என்னைக் 'கட்டட என்ஜினியர்' என்றே அறிமுகப்படுத்துகிறார்கள். உண்மையில் நான் ஒரு கட்டடமும் கட்டியதில்லை. கட்டப்போவதைக் காற்று என்ன செய்யும் என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை.

எல்லாம் 1978 நவம்பர் 23 இரவில் தொடங்கியது. மட்டக்களப்பில் எங்கள் வயதுக்காரருக்கு அந்தச் சூறாவளியை விளக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடம் மீண்டும் தொடங்கியபோது சைக்கிள் கொட்டிலுக்குக் கூரை இல்லை. பௌதிக சேர் எங்களை அங்கே கூட்டிப்போய், "மேலே பாருங்கடா" என்றார். சட்டங்களில் ஆணிகள் வரிசையாக, வாசரோடு, அப்படியே நின்றன. "ஆணி கழரேல்லை. அப்ப தகரம் எப்படிப் போனது?"

ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியவரப் பதினைந்து வருடம் ஆயிற்று.

கூரை விளிம்பில் மோதும் காற்று பிரிந்து எழும்பி, தகரத்தை மேலே உறிஞ்சுகிறது. காற்றடிக்கும் பக்கத்தில் ஒரு யன்னல் உடைந்தால் உள்ளேயிருந்தும் தள்ளுகிறது. இழுத்து விட்டு இழுத்து விட்டு, ஆணித்தலையைச் சுற்றித் தகரம் களைத்துக் கிழிகிறது. 1974 நத்தாரில் டார்வின் நகரை நாசமாக்கிய ட்ரேசி சூறாவளியிலும் இதே கதைதான்.

கனடா வந்தபின் காற்றுச் சுரங்கத்தில் வேலை; விசிறியால் காற்றை ஓடவிட்டு மாதிரிகளைச் சோதிக்கும் நீண்ட கூடம் அது. 400இல் ஒரு பங்கு அளவில் கட்டடத்தின் மாதிரி செய்து, நூற்றுக்கணக்கான ஊசித் துளைகளில் காற்றழுத்தத்தை அளக்க மெல்லிய குழாய்கள் பொருத்தி, சுழல்மேசையில் பத்துப் பத்துப் பாகையாக 36 திசைகளுக்கும் திருப்புவோம். திசைதான் முக்கியம். அதனால்தானே எங்கள் மீனவர் கச்சான், வாடை, சோளகம், கொண்டல் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார்கள்! கட்டடக் கலைஞர்களுக்குக் கூரிய மூலை பிடிக்கும், எங்களுக்குப் பிடிக்காது. தாய்வானின் வானளாவியான தாய்பே 101இன் மூலைகளைப் படிபோல வெட்டியதால் காற்றுச்சுமை ஏறக்குறைய கால்வாசி குறைந்தது.

இந்தத் துறையின் முன்னோடி அலன் டவன்போர்ட். 1965இல் ஒன்ராறியோவின் இலண்டன் நகரில் பெரிய காற்றுச் சுரங்கத்தை நிறுவியவர். அவர் 1932இல் பிறந்தது மதராஸில் என்று அறிந்த அன்று எனக்கு ஏனோ பெரிய சந்தோசம்.

போன வருடம் ஊரில் தம்பி வீட்டுக்குக் கூரை போட்டார்கள். ஓரத்திலும் மூலையிலும் ஆணியை நெருக்கி அடிக்கச் சொன்னேன். ஓடாவியார் சிரித்தார்: "ஐயா, பாரம் நடுவிலதானே?"

ஏணியைப் பிடித்துக்கொண்டு, சைக்கிள் கொட்டில் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.