அளவுக் கொப்பி

மார்பு 26, தோள் 12, கை 6½, நீளம் 20. பக்கத்திலே தமிழெழுத்தில் ஒரு சிங்களப் பெயர். தேதி 1979 ஜனவரி.

அப்பாவின் அளவுக் கொப்பியில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் தேடினேன். அப்பா போய்ச் சேர்ந்து முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள், தகரப் பெட்டியைக் கிளறியபோது கைக்கு வந்தது. மூலைகள் மழுங்கி, மெஷின் எண்ணெய் வாசத்தோடு இருந்தது. அந்தப் பெயர் என் கூட்டாளியுடையது. பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

எங்கள் ஊர் இலங்கை மலையகத்து ஹாலிஎல. பதுளைக்கு முந்திய கோச்சி ஸ்டேஷன். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் தேயிலை மலை. அப்பா லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவர். பதுளையில் ஒரு முஸ்லிம் பாயிடம் தையல் பழகி, கடைத்தெருவில் ஒற்றைக் கதவுக் கடை போட்டார். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கும் முன்னே ஊரிலுள்ள பாதிப் பிள்ளைகள் எங்கள் கடையில் கையை விரித்து நிற்பார்கள். வெள்ளைச் சட்டை, நீலக் களிசான். அப்பா டேப்பைப் பிடித்து எண்ணைச் சொல்வார், நான் கொப்பியில் எழுதுவேன். எந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தோள் தாழ்ந்திருக்கும், யார் வீட்டில் அண்ணன் சட்டையைப் பிரித்துத் தம்பிக்குத் தைப்பார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அவர்களும் எங்களை அப்படித்தான் அறிந்திருந்தார்கள். சின்ன ஊரில் யாரும் யாருக்கும் அந்நியரில்லை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் விளங்காது.

'கள்ளத்தோணி' என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அறுத்த வயலில், கிரிக்கெட் விளையாடும்போது. நான் அவுட்டா இல்லையா என்று சண்டை. கூட்டாளி கத்தியது முழுக்கச் சிங்களம், அந்த ஒரு சொல் மட்டும் தமிழ். எங்களைத் திட்டுவதற்குச் சிங்களம் எங்களிடமிருந்தே கடன் வாங்கி வைத்திருந்த சொல். ஒன்பது வயதில் எனக்கு அதில் தோணி மட்டும்தான் விளங்கியது.

அப்பாவிடம் கேட்டேன். காஜா எடுத்துக்கொண்டிருந்தவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்: "உங்க பாட்டனாருக்குக் கழுத்துல நம்பர் போட்ட தகரத்த மாட்டித்தான் கூட்டியாந்தாங்க. மண்டபம் கேம்புல எண்ணி, கப்பல்ல ஏத்தி, தலைமன்னார்ல எண்ணி எறக்குனாங்க. திருட்டுத்தனமா யாரும் வரல தம்பி."

அதற்கு மேல் பேசவில்லை.

சட்டம் வேறு கணக்கு வைத்திருந்தது. அப்பா இந்த மண்ணில் பிறந்தவர். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு அது போதவில்லை, அவருடைய அப்பாவும் இங்கே பிறந்த அத்தாட்சி வேண்டும். லயத்தில் யார் அத்தாட்சி வைத்திருந்தார்கள்? பிறகு 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. எங்கள் அப்பா இங்கே என்ற பங்கில் விழுந்தார். அம்மாவின் அண்ணன் அங்கே என்ற பங்கில். மாமா குடும்பம் புறப்பட்ட அன்றைக்கு எனக்கு ஆறு வயது. கோச்சி நகர ஆரம்பித்ததும் பெண்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே பிளாட்பாரத்தில் ஓடினார்கள். அழுகைக் கோச்சி என்று மலையகத்தில் பெயரே உண்டு அதற்கு. மாமா கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்து கடிதம் எழுதினார். 'இங்கே எங்களை சிலோன்காரன் என்கிறார்கள்' என்று ஒரு வரி. அம்மா அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிங்களவர் மட்டும் எங்களைத் தாழ்வாகப் பார்க்கவில்லை. என் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், வடக்கிலிருந்து வந்த ஒரு வாத்தியார், நான் கணக்கைத் தப்பாகப் போட்டால், "தோட்டக்காட்டானுக்கு இது ஏறாது" என்பார். அது தமிழில் சொல்லப்பட்டதால் அதிகம் வலித்தது. அதே பள்ளியில் வடக்கிலிருந்து வந்த இன்னொரு டீச்சர், தன் சொந்தக் காசில் எனக்கு ஜியோமெட்ரிப் பெட்டி வாங்கிக் கொடுத்தார்.

1983 ஜூலை 27, புதன்கிழமை. தமிழருக்கு எதிரான கலவரத்தில் பதுளை எரிவதாகப் பகலிலேயே செய்தி வந்தது. அப்பா பலகைக் கதவை மாட்டிப் பூட்டினார். வழக்கம்போலக் கொப்பியைப் பையில் போட்டுக்கொண்டார். அம்மா, தங்கச்சி, நான் எல்லோரும் தேயிலைக்குள்ளே ஏறி அத்தையின் லயத்துக்குப் போனோம். கச்சான் காற்று வீசும் மாதம், மலை காய்ந்து கிடந்தது. இருட்டும் நேரத்தில் கீழே முதல் நெருப்பு. காற்று அதை ஒவ்வொரு கூரையாகத் தூக்கிக்கொண்டு போனது. அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா மட்டும் நின்றபடி எதையோ முணுமுணுத்தார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போனபோதுதான் கேட்டது: "வெட்டுன துணி பதினேழு. வெட்டாதது ஒம்பது."

எங்கள் கடை, எங்கள் மெஷின் எரிகிறது. அவர் மற்றவர்கள் கொடுத்த துணியை எண்ணிக்கொண்டிருந்தார்.

சில வாரம் கழித்து ஊருக்குத் திரும்பினோம். கரியைக் கூட்டி அள்ளிவிட்டு, இரவல் மெஷினோடு அப்பா மறுபடி உட்கார்ந்தார். ஆட்கள் வந்தார்கள். சிலர் வாசலில் நின்று அழுதார்கள். ஒருவர் அரிசி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். சிலர், "டெய்லர் மஹத்தயா, எங்கள் துணி?" என்று கேட்டார்கள். கேட்டவர்களில் கூட்டாளியின் அம்மாவும் ஒருத்தி.

அப்பா கொப்பியைப் பார்த்து அந்த இருபத்தாறு துணிக்கும் காசு கொடுத்தார். ஒரே தடவையில் முடியவில்லை, மாதாமாதம். ஒவ்வொரு பெயருக்கும் நேரே சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு. எனக்குப் பதின்மூன்று வயது. "எரிச்சது அவங்க, காசு நாமளா குடுக்கிறது?" என்று நடுக்கடையில் கத்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "துணி அவங்களுது. என்கிட்ட நம்பிக் குடுத்தது."

இதை அவருடைய பெருந்தன்மை என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் எனக்கு ஆறாத கோபம் அது. அதே ஊரில் பிழைக்க வேண்டிய ஒரு மனிதன், தன்னை நம்பலாம் என்பதை இருபத்தாறு தடவை காசு கொடுத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. அவரிடம் அந்த நிரூபணம் கேட்ட ஊரில் ஒருவருமே, "உன் மெஷின் என்ன விலை?" என்று கேட்கவில்லை.

பதினாறு வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தேன். அப்பாவின் பதிவுச் சான்றிதழை மெழுகுத்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். பரம்பரைப் பிரஜையா, பதிவுப் பிரஜையா என்று படிவங்கள் கேட்கும். நாங்கள் பதிவு. வந்த அட்டையில் என் பெயர் சிங்களத்தில் மட்டும் இருந்தது. அதை அம்மாவால் படிக்க முடியவில்லை. படத்தைப் பார்த்து, "நீதான்" என்றாள்.

அந்த வருடம்தான் கூட்டாளி கடைக்கு வந்தான். 83க்குப் பிறகு தெருவில் கண்டால் இரண்டு பேருமே வேறு பக்கம் பார்ப்போம். அந்த இரவு அவன் எங்கே இருந்தான் என்று நான் கேட்டதில்லை. வீட்டிலேயே இருந்திருக்கலாம். அவனுக்கும் பதின்மூன்றுதானே. ஆனால் அவனுடைய அண்ணன்மார் வீட்டில் இருக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

நீளக் களிசானும் சட்டையும் வேண்டும் என்றான். துணியை நீட்டினான். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு டேப்பை என் பக்கம் தள்ளினார். "நீ எடு தம்பி."

அதுவரை எழுத மட்டும்தான் எனக்கு அனுமதி. டேப்பை அவன் முதுகுக்குப் பின்னால் சுற்றி எடுக்க ஏறக்குறைய கட்டிப்பிடிக்க வேண்டும். அவன் வளர்ந்திருந்தான், என்னைவிட உயரம். சவர்க்கார வாசம். மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டான். "மூச்சை விடு, அளவு தப்பிவிடும்" என்று சிங்களத்தில் சொன்னேன். மூன்று வருடத்தில் அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை. விட்டான். டேப் என் விரலுக்குள்ளே கொஞ்சம் தளர்ந்தது.

கொப்பியில் அவன் பக்கத்தின் கடைசி வரி அதுதான். மார்பு 34½. எழுத்து என்னுடையது.