வாழைமர வேலியும் ஓர் எதிர்நாயகனும்

எதிர்நாயகன் என்றதும் பலருக்கு வில்லன்தான் நினைவுக்கு வருகிறான். வில்லன், நாயகனை எதிர்ப்பவன். எதிர்நாயகனோ நாயகனின் இடத்திலேயே இருப்பவன். கதையை அவன் கண்ணால்தான் பார்க்கிறோம். நாயகனிடம் எதிர்பார்க்கும் நேர்மை மட்டும் அவனிடம் இருக்காது. மந்திரமும் மாயமும் நிறைந்த மிகுபுனைவில் (ஃபேன்டசி) இவனை எழுதுவது கூடுதல் சிரமம். மாட்டிக்கொண்டால் மந்திரம் காப்பாற்றிவிடும் என்று தெரிந்துவிட்டால், வாசகர் அவனுக்காகக் கவலைப்படுவதை அப்போதே விட்டுவிடுவார்.

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். பழைய மலாய் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’வில் தோடாக் என்ற கூர்மூக்கு மீன்கள் சிங்கப்பூர்க் கரையைத் தாக்குகின்றன. மன்னன் ஆட்களின் கால்களையே சுவராக நிறுத்துகிறான். அவர்கள் செத்து விழுகிறார்கள். வாழைமரத்தால் வேலி போடலாமே என்கிறான் ஒரு சிறுவன். மீன்களின் கூர்மூக்கு மரத்தில் குத்திச் சிக்கிக்கொள்கிறது. இத்தனை அறிவுள்ளவன் வளர்ந்தால் ஆபத்து என்று அவனைக் கொல்ல ஆணை பிறக்கிறது. அந்த ரத்தத்தில் சிவந்த குன்றுதான் புக்கிட் மேரா, ரெட்ஹில் என்பார்கள். இதில் மன்னன் வில்லன், சிறுவன் பலி. ஆணையை ஏற்றுக் கத்தியோடு போனானே, பெயர்கூட இல்லாத ஒருவன், அவன்தான் நமக்கு வேண்டியவன்.

அவன் ஏன் போனான்? இங்கேதான் பெரும்பாலான கதைகள் சறுக்குகின்றன. சிறுவயதில் தாயை இழந்தவன், அடிபட்டு வளர்ந்தவன் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டால் போதும் என்ற நினைப்பு. சோகம் இரக்கத்தைத் தரும். அவன் அடுத்து என்ன செய்வானோ என்ற பதைப்பைத் தராது. அதைத் தருவது கடன். கம்பனின் கும்பகருணன், சீதையைச் சிறைவைத்தது தவறு என்று அண்ணனிடமே சொல்கிறான். ஆனால் வீடணன் வந்து இராமன் பக்கம் அழைக்கும்போது, நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்காக உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். தவறும் தெரியும், கடனும் தெரியும், தெரிந்தே நடக்கிறான். உங்கள் எதிர்நாயகன் யாருக்கு என்ன கடன் பட்டிருக்கிறான் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே ஒரே வரியில் குறித்துக்கொள்ளுங்கள்.

4,000 சொல் சிறுகதை என்றால், முதல் 600 சொல்லுக்குள் அவன் செய்யும் தவறு வாசகர் கண்முன் நடந்துவிட வேண்டும். வதந்தியாகவோ பழைய நினைவாகவோ வந்தால் வலு இல்லை. ‘அவன் மனம் கல்லாகிப் போயிருந்தது’ என்று எழுதுவதைவிட இப்படி எழுதிப் பாருங்கள் (‘துவான்’ என்றால் மலாயில் ஐயா):

பையன் கதவைத் திறந்தான். “துவான், வாழைமரம் போதலையா?”

“போதும், தம்பி.”

கத்தியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டான். மீன் கிழித்த வலக்கையில், காலையில் பையன் கட்டிவிட்ட துணி இன்னும் ஈரமாக இருந்தது.

அவன் மனநிலையைப் பற்றி இதில் ஒரு சொல்கூட இல்லை. கையை மாற்றியதே போதும்.

இனி மந்திரத்துக்கு வருவோம். கொலைக்குப் பிறகு கடல்மீன்கள் அவன் சொல்லுக்குக் கட்டுப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறை ஏவும்போதும் வலக்கையில் ஒரு விரல் மரத்துப்போகட்டும். ஐந்து விரல், ஐந்து முறை. வாசகரும் கூடவே எண்ணிக்கொண்டு வருவார். மூன்றாவது விரலை அவன் அற்பக் காரணத்துக்காக, வீம்புக்குச் செலவழிக்கட்டும். நான்காவது வரும்போது கதை தானாக இறுகும். ‘சக்தி குறைந்தது’ என்று பொதுவாக எழுதினால் இந்த இறுக்கம் வராது.

அவன் தாண்டாத கோடு ஒன்றும் வேண்டும். அதைச் சொல்லிவிட்டுச் சும்மா விடாமல், தாண்டினால் லாபம் என்ற இடத்தில் நிறுத்திச் சோதித்தே ஆகவேண்டும்.

அவனைக் காப்பாற்ற எழுத்தாளர் செய்யும் தந்திரங்களை வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார். கொல்லப்பட்டவனும் கெட்டவன்தான் என்று பிற்பாதியில் தெரியவருவது ஒன்று. சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் மன்னிப்பது இன்னொன்று. எல்லாவற்றையும்விட மோசமானது, கடைசிப் பக்கத்தில் யாரையோ காப்பாற்றி அவன் செத்துப்போவது. செத்தவனிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாதே! அவன் உயிரோடு இருக்கட்டும்.

தமிழில் நமக்கு இன்னொரு வசதி உண்டு: நீ, நீங்கள். யாரை எப்படி விளிக்கிறான் என்பதிலேயே அவன் மாற்றத்தைக் காட்டிவிடலாம், தனியே புலம்பல் வேண்டாம். கொலைக்கு முன் பையனின் அம்மாவை ‘நீ’ என்றவன், பிறகு அவள் முன் நிற்கும்போது ‘நீங்க’ என்கிறான். ஏன் இந்த மரியாதை என்று அவளுக்குப் புரியவில்லை. “சாப்பிட்டியா, தம்பி?” என்று கேட்டு, மகனுடைய தட்டையே எடுத்து அவன் முன் வைக்கிறாள்.